புக்கிட் தெராத்தாய்த் தோட்டத்தின் நம்பத்தகுந்த உளவு வரலாறு

உளவு வேலைகளைப் பற்றி நம்பத்தகுந்த வரலாறு படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் போய் நூலக வாசல்களில் தவம் கிடக்கிறார்கள். பாவம், அவர்களுக்கு வழி தெரியாது. கோலாலம்பூருக்குத் தெற்கே சிரம்பானில் பஸ் ஏறி, மந்தினில் இறங்கி, செம்மண் சடக்கில் கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்கு நடுவே உள்ளே நடந்தால் புக்கிட் தெராத்தாய் தோட்டம் வரும். பிழையற்றதும், ஐயத்துக்கு இடமற்றதும், மேலிடத்தின் முத்திரை பெற்றதுமான உளவு வரலாறு, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசாங்கம் போட்ட அவசரகாலத்தின் நட்டநடுவில் அங்கேதான் எழுதப்பட்டது. எழுதியவர் தோட்ட ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி திருநாவுக்கரசு.

திருநாவுக்கரசு மற்றக் கிராணிகளைப் போல ஆள் கணக்கு எழுதிவிட்டுத் தூங்குகிறவர் அல்லர். அவர் வாசகர். ஆபீசை ஒட்டிய சாமான் அறையில் ஒரு பெஞ்சும் ஓர் அலமாரியும் போட்டு, 'அறிவுச்சுடர் வாசகசாலை' என்று பெயர் சூட்டி, தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய பதவிகளை வேறு யாருக்கும் சிரமம் கொடுக்காமல் தாமே ஏற்றுக்கொண்டிருந்தார். அலமாரிச் சாவியும் அவரிடம்தான். மரத்தில் பால் வெட்டுகிற கை பட்டால் புத்தகம் அழுக்காகும் என்பதால், லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருந்த ஆட்கள் யாரும் உள்ளே வருவதில்லை. அதனால் வாசகசாலையில் ஒழுங்கு எப்போதும் நிலைநாட்டப்பட்டிருந்தது.

ஒற்றர் வரலாறு என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். சிரம்பானுக்குப் போகும்போதெல்லாம் புத்தகக் கடைக்காரரிடம், "இதை நம்பலாமா?" என்று கேட்பார். கடைக்காரர் அட்டையை விரலால் தட்டிக் காட்டுவார். கெட்டி அட்டை என்றால் நம்பலாம். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் குறிப்பும் இருந்தால் அது சத்தியம். மெல்லிய அட்டையில் வருவதெல்லாம் வெறும் கதை. இப்படிச் சலித்துப் புடைத்துச் சேர்த்த புத்தகங்களிலும் அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. எந்தப் புத்தகத்திலும் அவர் இல்லை.

அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவர் முனியாண்டி.

அப்போது லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் துப்பாக்கியோடு திரிந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பருக்கைகூடப் போய்விடக்கூடாது என்பது சட்டம். காலையில் பால் வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்தி, மடியைத் தட்டி, வாளியைக் கவிழ்த்துப் பார்த்து அனுப்புவார்கள். ஆனால் முனியாண்டிச் சாமியின் இடம் வேலிக்கு வெளியே, காட்டோரத்தில், ஒரு சேலை சுற்றிய மரத்தடியில் இருந்தது. வெள்ளிக்கிழமைப் படையல் வேலியைத் தாண்டியாக வேண்டும். முதலில் படையலையும் நிறுத்தினார்கள். அந்த வாரமே தோட்டத்துத் தொரையின் நாய் செத்துப் போனது. மறுவாரம் தொரை தாமாகவே உத்தரவு போட்டார்: மேற்படி சாமிக்கு உணவுக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது.

ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் பூசாரி முருகையா சோறு, கோழிக்கறி, சுருட்டு, ஒரு போத்தல் கள்ளு, திருநீற்றுப் பொட்டலம் எல்லாவற்றையும் சுமந்துபோவார். முன்னும் பின்னும் துப்பாக்கியோடு காவல்காரர்கள் போவார்கள். இலையில் வைத்துவிட்டு எல்லோரும் திரும்பி நடப்பார்கள். முனிக்குப் படைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது வழக்கம். பார்த்தால் அடித்துவிடும். காவல்காரர்களும் பார்க்கவில்லை. அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருந்தது.

மறுநாள் போனால் இலை துடைத்த மாதிரி இருக்கும். முன்பெல்லாம் காக்கையும் நாயும் கிளறிப் போட்டுவிட்டுப் போன இலை, இப்போது எலும்புகூட மிச்சமில்லாமல் சுத்தமாகக் கிடந்தது. தோட்டமே பூரித்துப் போயிற்று. "சாமி இப்பதான் வயிறாரச் சாப்பிடுது" என்று சொல்லி இன்னும் அதிகமாகப் படைத்தார்கள். லயத்துத் தாயம்மா தன் ரேஷனில் மிச்சம் பிடித்துக் கருவாடு வறுத்துக் கொடுத்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை காட்டோர மர நிரைக்குப் பால் வெட்டப் போனவர்கள், முனியாண்டிக்கு முன்னால் ஒருவன் தாடியும் மீசையுமாகக் கால் நீட்டிக் குறட்டை விட்டுத் தூங்குவதைப் பார்த்தார்கள். கள்ளுப் போத்தல் காலியாகக் கிடந்தது. அவனுடைய துப்பாக்கி சாமியின் அரிவாளோடு அரிவாளாகச் சாய்ந்து நின்றது. காவல்காரர்கள் வந்து, துப்பாக்கியை முதலில் எடுத்துக்கொண்டு, பிறகு அவனைத் தட்டி எழுப்பினார்கள். அவன் தண்ணீர் கேட்டான். தாயம்மாவின் மகன் ஆறுமுகம்தான் அவன். அவசரகாலம் தொடங்கிய புதிதில் காட்டுக்குள் ஓடியவன்.

இந்த மாபெரும் உளவு வெற்றியை நடத்தி முடித்தவர் இன்ஸ்பெக்டர் சந்தியாகு. சிரம்பானில் பெயர் சொல்லக்கூடாத ஓர் இலாகாவில் அவர் அதிகாரி. பக்கத்தில் ராசா என்ற ஊரில் வீடு. சம்பவம் நடந்த நேரத்தில் அவர் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். தகவல் கேட்டு, வீங்கிய கன்னத்தோடு ஜீப்பில் வந்து இறங்கி, நேராகத் திருநாவுக்கரசின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"கிராணியாரே, இது தற்செயலா நடந்ததில்ல. படையல்தான் தூண்டில். ரொம்ப நாளாப் போட்ட திட்டம்."

"அப்படிங்களா சார்? யாருமே சொல்லலையே."

"எனக்கே ஜீப்புல வரும்போதுதான் தெரிஞ்சுச்சு. அவ்வளவு ரகசியம்." இன்ஸ்பெக்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "மேலிடம் இதுக்கு ஒரு வரலாறு கேக்குது. இங்கிலீஷ்ல நான் எழுதிருவேன். தமிழ்ல சனங்க நம்புற மாதிரி ஒண்ணு வேணும். நீங்க ரொம்பப் படிச்சவருன்னு சொன்னாங்க."

திருநாவுக்கரசுக்கு உடம்பு சிலிர்த்தது. "அட்டை கெட்டியாப் போடுவாங்களா சார்?"

"போடுவாங்க லா."

"அடியில குறிப்பு?"

"வேணுங்கிற அளவுக்குப் போட்டுக்குங்க."

அன்றே வாசகசாலையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். 'கருட நகம்' என்று நடவடிக்கைக்குப் பெயர் வைத்தார். இன்ஸ்பெக்டரின் வீங்கிய கன்னம் எதிரியின் துப்பாக்கிக் கட்டையால் ஏற்பட்டது. பூசாரி முருகையா 'ஆன்மிகத் துறையைச் சார்ந்த ஓர் இரகசியத் தொடர்பாளர்' ஆனார். முனியாண்டியின் மரத்தடி 'முன்னணி நிலை' ஆயிற்று. பயங்கரச் சண்டைக்குப் பின் மேற்படி ஆறுமுகம் ஆயுதத்தோடு பிடிபட்டான். எழுதியதை உரக்கப் படித்துப் பார்த்தார். தாமே நம்பினார். நம்பகத்தன்மைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

மறுநாள் வெட்டிய பாலை எடை போட்டு முடிந்ததும் தாயம்மா ஆபீஸ் படிக்குக் கீழே வந்து நின்றாள். சிரம்பான் லாக்கப்பில் மகனைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"கிராணியாரே, என் மவனப் பத்தி எழுதுறீங்களாமே."

"வரலாறு எழுதுறேன், தாயம்மா. அது உன் மகனைப் பத்தி இல்ல. நாட்டைப் பத்தி."

"புடிச்சாங்கன்னு எழுதியிருக்கீங்களாம்ல. துப்பாக்கியோட புடிபட்டா தூக்குல போட்டுருவாங்களாம். தானா வந்துட்டான்னா உசுரு தப்பிக்குமாம். லாக்கப்புல சொன்னாங்க. வந்துட்டான்னு எழுதுங்க ஐயா."

"உன் வசதிக்கு வரலாற்றை மாத்த முடியுமா?"

"அப்பன்னா நடந்தத எழுதுங்க. தூங்கினான்னு எழுதுங்க."

திருநாவுக்கரசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிடிபட்டவனுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. சரணடைந்தவனுக்கும் உண்டு. தூங்கியவனுக்கு எந்தப் பிரிவிலும் இடம் கிடையாது. அப்படி ஒருவனை வைத்துக்கொண்டு எந்த அரசாங்கமும் ஆட்சி நடத்த முடியாது. இதை அவர் பொறுமையாக விளக்கினார். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"என் கருவாட்டத்தான் தின்னிருக்கான்" என்றாள் தாயம்மா. "அது தெரியாமயே வறுத்துக் குடுத்திருக்கேன். தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் வெச்சிருப்பேன்." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரிங்க. தூங்கினது வேணாம்னா வேணாம். அப்ப மொதல்லேருந்து எழுதுங்க. அவன் ஏன் காட்டுக்குப் போனான்னு எழுதுங்க."

"முதல்லேருந்து எழுதுறது பழைய முறை. இப்ப எல்லாரும் நடுவுலேருந்துதான் தொடங்குறாங்க."

"எனக்குப் படிக்கத் தெரியாது ஐயா. ஆனா பெரிய தொரை கோலாலம்பூர்லேருந்து வராராம். அவருகிட்ட வாயால சொல்லிரலாம்ல."

அந்தக் கணத்தில் திருநாவுக்கரசின் இரக்க குணம் திடீரென்று பொங்கியது. இத்தனை வருஷம் அது எங்கே ஒளிந்திருந்தது என்று அவருக்கே தெரியாது. உள்ளே வந்து பெஞ்சில் உட்காரச் சொன்னார். வாசகசாலை பெஞ்சில் பால் வெட்டுகிற ஆள் ஒருவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"பதறாதே, தாயம்மா. லாக்கப்புல அவன்கிட்ட வேற என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல. இடுப்புல சாமி துன்னூறு சொருகியிருந்தான். அதையும் புடுங்கி வெச்சிக்கிட்டாங்களாம்."

"எதுல மடிச்ச துன்னூறு?"

"ஏரோப்ளேன் காயிதத்துலதான். முருகையா எல்லாத்துக்கும் அதுலதானே மடிச்சிக் குடுப்பாரு. நல்ல காயிதம்னு சொல்லுவாரு, சாம்பல் சிந்தாதாம்."

ஏரோப்ளேன் காயிதம் என்பது வேறொன்றும் இல்லை. 'ஆயுதங்களை ஒப்படைத்துச் சரணடைவீர். இத்தாளைக் கொண்டுவருபவர் நல்லமுறையில் நடத்தப்படுவார்' என்று அச்சடித்து, ஆகாய விமானத்திலிருந்து காட்டின் மேல் கொட்டுவார்கள். காற்று அதில் பாதியைத் தோட்டத்தின் மேல் கொண்டுவந்து போடும். அரசாங்கத்தின் வார்த்தை இவ்வளவு தாராளமாக வேறு எங்கும் கிடைத்ததில்லை. லயத்தில் அடுப்பு பற்றவைக்கவும், கடலை மடிக்கவும், கடவுளுக்குத் தொண்டு செய்யவும் அது பயன்பட்டது.

திருநாவுக்கரசு அன்றே சிரம்பானுக்கு ஓடினார். இன்ஸ்பெக்டர் சந்தியாகுவுக்குக் கன்னத்து வீக்கம் வடிந்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுளித்தார்.

"சரணடைஞ்சான்னா எனக்கு என்னா பெருமை? சண்டை என்னாச்சு? என் கன்னம் என்னாச்சு?"

"சார், சண்டை போட்டு ஒருத்தனைப் புடிக்க யாராலயும் முடியும். ஒரு துண்டுக் காகிதத்தால ஒருத்தன் மனசைப் புடிச்சிருக்கீங்க. அதுல இருக்கிற தமிழ் யாரு எழுதினது சார்?"

இன்ஸ்பெக்டர் மேசையில் கிடந்த பேனாவை நேராக்கி வைத்தார். "நான்தான்" என்றார் மெதுவாக. "யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல."

"கல்லும் கரையும் சார் அந்தத் தமிழுக்கு."

"'நல்லமுறையில்' என்கிற வார்த்தைக்கு நான் ஒரு வாரம் யோசிச்சேன், தெரியுமா?"

அவ்வளவுதான். துப்பாக்கிச் சண்டை நூலிலிருந்து நீக்கப்பட்டது. குண்டுகள் திரும்பப் பெறப்பட்டன. ஆறுமுகம் காட்டில் ஒரு மரத்தடியில் மேற்படி தாளைக் கண்டெடுத்து, எழுத்தெழுத்தாகப் படித்து, விம்மி அழுது, மனந்திருந்தி, தாளை இடுப்பில் பத்திரப்படுத்திக்கொண்டு, ஆயுதத்தைத் தெய்வ சன்னிதியில் வைத்துவிட்டு, அதிகாரிகளின் வருகையை எதிர்பார்த்து 'அமைதியாகக் காத்திருந்தான்'. தூக்கத்தைக் குறிக்க இதைவிடக் கண்ணியமான சொல் தமிழில் அதுவரை இருந்ததில்லை. நூல் அச்சாகி வந்தது. அட்டை கெட்டியாக இருந்தது. அடியில் குறிப்புகள் இருந்தன, எல்லாம் இன்ஸ்பெக்டரின் இங்கிலீஷ் அறிக்கையைப் பார்க்கச் சொல்லின. இங்கிலீஷ் அறிக்கையின் குறிப்புகள் தமிழ் நூலைப் பார்க்கச் சொல்லின. ஒன்றுக்கொன்று இவ்வளவு ஒத்துப்போகும் இரண்டு ஆதாரங்கள் கிடைப்பது அபூர்வம்.

இனி ஒன்றுதான் பாக்கி. கோலாலம்பூர்ப் பெரிய தொரை நேரில் வந்து, ஆறுமுகத்தை விசாரித்து, திருப்தி அடைந்தால் அவன் 'சரணடைந்தவன்'. இல்லாவிட்டால் 'பிடிபட்டவன்', பழையபடி கயிறுதான்.

பந்தடிக்கும் திடலில் மேடை போட்டார்கள். அன்றைக்கு வேலையை நிறுத்தி, ஆட்களை மேய்த்து வேலை வாங்கும் மண்டோர்கள் லயம் லயமாகப் போய் ஆட்களைத் திரட்டிக் கொண்டுவந்தார்கள். பெரிய தொரைக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்கத் திருநாவுக்கரசு கோட்டு போட்டுக்கொண்டு மைக்குக்கு முன்னால் நின்றார். ஆறுமுகத்துக்குத் தாடியை மழித்து, புதுச் சட்டை மாட்டிவிட்டிருந்தார்கள். தாயம்மா முன்வரிசையில் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டு மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

பெரிய தொரை நூலைப் புரட்டி, கெட்டி அட்டையைத் தட்டிப் பார்த்து, முதல் கேள்வியைக் கேட்டார். துண்டுத்தாளில் எந்த வரி அவன் மனசைத் தொட்டது?

திருநாவுக்கரசு தமிழில் கேட்டார். ஆறுமுகம் யோசித்தான்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே. இந்தத் தோட்டத்துல யாரு எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க? சாமி துன்னூறுன்னு எடுத்துச் சொருகினேன்."

திருநாவுக்கரசு இங்கிலீஷில் சொன்னார். "எந்த வரி என்று பிரித்துச் சொல்ல முடியவில்லையாம். ஒவ்வொரு வரியும் அவன் நெஞ்சில் ஏறிவிட்டதாம்."

இன்ஸ்பெக்டர் சந்தியாகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் ராசாவில் பிறந்து தமிழிலேயே வளர்ந்தவர். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. உளவுத் துறைக்கு அதுதான் அழகு.

அடுத்த கேள்வி: சரணடைய வேண்டும் என்று எப்போது முடிவு செய்தான்?

"முடிவெல்லாம் ஒண்ணும் செய்யலைங்க. பசி. ரொம்ப நாளா வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வந்து தின்னுட்டுப் போயிருவேன். அன்னிக்குக் கள்ளு கொஞ்சம் கூட. படுத்துட்டேன்."

"நெடுநாள் தியானத்துக்குப் பிறகு, ஒரு வெள்ளிக்கிழமையில்" என்றார் திருநாவுக்கரசு.

பெரிய தொரை தலையசைத்தார். பேனாவைக் கையில் எடுத்தார். தாயம்மாவின் விரல்கள் வெளுத்துப் போயின. எடுத்த பேனாவைத் தொரை அப்படியே பிடித்துக்கொண்டு, போகிறபோக்கில் கேட்பதுபோல இன்னொன்று கேட்டார். இவ்வளவு நல்லவன் காட்டுக்குத்தான் ஏன் போனான்?

இது நூலில் இல்லாத பகுதி. திருநாவுக்கரசு அதையும் தமிழில் கேட்டார்.

"அரிசியில புழு நெளிஞ்சிச்சுங்க. காலையில ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுல நிக்கும்போது நல்ல அரிசி போடுங்கன்னு கேட்டேன். வேற ஒண்ணும் கேக்கல. சாயங்காலம் போலீஸ் லாரி லயத்து வாசல்ல நிக்குது. பின்பக்கமா ஓடினவன்தான்."

"தீயவர்களின் பேச்சில் மயங்கிவிட்டானாம்."

தொரைக்குச் சுவாரசியம் பிறந்தது. யார் அந்தத் தீயவன்? இவனைக் காட்டுக்கு அனுப்பியவன் யார்? பெயர் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

திருநாவுக்கரசு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். தொரை காத்திருந்தார். கேட்டுத்தான் ஆகவேண்டும்.

"உன்னைக் காட்டுக்கு அனுப்பினது யாருன்னு தொரை கேக்குறாரு."

ஆறுமுகம் அவரைக் கோபமில்லாமல் பார்த்தான். மைக்கு அவன் வாய்க்கு நேராக இருந்தது.

"நீங்கதானே கிராணியாரே. நான் அரிசி கேட்டத, கலகம் பண்ணச் சொல்றான்னு தோட்டத்துத் தொரை பங்களாவுக்கு நடந்துபோய்ச் சொன்னது நீங்கதானே. எங்கம்மாவுக்குத் தெரியும். லயத்துல எல்லாருக்கும் தெரியும்."

ஒலிபெருக்கி அதைத் திடலின் கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. இன்ஸ்பெக்டர் சந்தியாகு தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாயம்மா மட்டும் மகனை விட்டுவிட்டு அன்று முதல் தடவையாகக் கிராணியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரண்டு வேண்டுதல்கள் இருந்தன. அவர் நாசமாகப் போக வேண்டும், அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை நன்றாகப் பொய் சொல்ல வேண்டும்.

திருநாவுக்கரசு தொண்டையைச் செருமினார்.

"பெயர் தெரியாதாம் சார். அவ்வளவு இரகசியமாக வேலை செய்திருக்கிறார்கள்."

பெரிய தொரை வியந்து போனார். இப்படிப்பட்ட சாமர்த்தியமான கை இங்கே ஒளிந்திருந்தது என்பதை நூலின் அடுத்த பதிப்பில் அவசியம் சேர்க்க வேண்டும் என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார். ஆறுமுகம் பிழைத்தான். தாயம்மா தரையில் நெற்றி படக் கவிழ்ந்து அழுதாள். இன்ஸ்பெக்டர் சந்தியாகு முதலில் கைதட்டினார், தொரையும் தட்டினார், மண்டோர்கள் கண்காட்டியதும் திடலும் தட்டியது.

கிராணி திருநாவுக்கரசு தலைகுனிந்து வணங்கினார். அந்தத் திடலில் இருந்த அத்தனை பேருக்கும் தமிழ் தெரியும். தெரியாதவர் ஒரே ஒருவர்தான். நம்பத்தகுந்த வரலாறு அவருக்காகத்தான் எழுதப்பட்டது.